அம்புக்குறி போன வழியே

அத்தைக்கு ஆறு மாதமாக இடுப்பிலிருந்து கால் வரை சுண்டி இழுக்கும் வலி. ஒத்தடம், தைலம், கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் டாக்டர் எக்ஸ்-ரேயும் எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எழுதிக் கொடுக்க, மதுரையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மாமாவும் கூட வந்தார்.

ஸ்கேன் பகுதி கீழ்த்தளத்தில். தரையில் வரைந்திருந்த அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே நடந்தோம். முதலில் சீட்டுப் பதியும் ஜன்னல், அப்புறம் பெஞ்சுகள், அதைத் தாண்டி வரிசையாகக் கதவுகள். ஒவ்வொரு கதவுக்கும் ஒவ்வொரு சட்டம்!

அல்ட்ராசவுண்ட் கதவருகே பெண்கள் தண்ணீரைக் குடித்துவிட்டு நெளிந்துகொண்டிருந்தார்கள். சிறுநீர்ப்பை நிறைந்தால்தான் அடிவயிறு தெளிவாகத் தெரியுமாம். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்வது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்ற பலகையும் அங்கே இருந்தது. சி.டி. கதவருகே வேறு கதை. மருந்து ஏற்றிப் படம் எடுக்க வேண்டியவர்களிடம் சிறுநீரக ரத்தப் பரிசோதனை முடிவைக் கேட்டார்கள்.

திடீரென்று ஒரு ஸ்ட்ரெச்சர் நேராக உள்ளே போயிற்று. "காலையிலேர்ந்து உட்கார்ந்திருக்கோம், இது என்ன நியாயம்?" என்று ஒருவர் எழுந்தார். விபத்தில் அடிபட்ட சின்னப் பையன். கட்டுப்போட்ட தலையைப் பார்த்ததும் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். டோக்கன் வரிசை வேறு, உயிரின் வரிசை வேறு.

எக்ஸ்-ரே கதவில் ஓர் இளம்பெண்ணிடம் நர்ஸ், "நாள் தள்ளிப் போயிருக்காம்மா?" என்று கேட்டார். பக்கத்தில் மாமனார். பெண் தலையை ஆட்டி மறுத்தாள். உள்ளே போகும்போது திரும்பி வந்து நர்ஸின் காதில் ஏதோ சொன்னாள். உடனே அவளை டாக்டரிடம் அனுப்பிவிட்டார்கள். எக்ஸ்-ரேயும் சி.டி.யும் கதிரால் எடுக்கும் படங்கள். அல்ட்ராசவுண்டிலும் எம்.ஆர்.ஐ.யிலும் அந்தக் கதிர் இல்லை. ஆகவே அந்தக் கேள்விக்கு வெட்கப்படக் கூடாது, சகோதரிகளே! தனியாகக் கூப்பிட்டாவது சொல்லிவிட வேண்டும்.

அத்தைக்கு எக்ஸ்-ரே இரண்டே நிமிடத்தில் முடிந்தது. வம்பு எம்.ஆர்.ஐ. கதவில்தான்.

"தாலியைக் கழட்டணும்மா."

"முப்பத்தெட்டு வருஷமா கழுத்தை விட்டு இறங்கினதில்லை. தங்கம் காந்தத்துல ஒட்டாதே!"

"தங்கமும் சூடேறலாம், படமும் கெடும். அதிலே தொங்குதே ஊக்கு, அது பறந்து வந்து குத்தும்மா."

பூமியின் காந்த சக்தியைப் போல் சுமார் 30,000 மடங்கு சக்தியாம் அந்த இயந்திரத்துக்கு. படம் எடுக்காத நேரத்திலும் காந்தம் ஓய்வதில்லை. அத்தை அசையவில்லை. கண்ணில் நீர் முட்டிவிட்டது.

எனக்கு எப்போதோ படித்தது நினைவு வந்தது. 1895-இல் ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டுபிடித்தபோது தம் மனைவியின் கையைத்தான் படம் எடுத்தார். எலும்போடு விரல் மோதிரமும் அதில் விழுந்தது. அன்று கழற்றச் சொல்ல யாருமில்லை!

பெஞ்சிலிருந்த ஓர் அம்மாள் தம் பையிலிருந்து மஞ்சள் கயிற்றில் கட்டிய மஞ்சள் துண்டை எடுத்தார். "போன தடவை எனக்கும் இதே கதைதான். இதைக் கட்டிக்கிட்டுப் போங்க."

அத்தை மாமாவைப் பார்த்தார். மாமாவே வந்து கட்டிவிட்டார். தாலிச் சங்கிலி, மூன்று ஊக்கு, மூக்குத்தி, மெட்டி, வளையல் எல்லாம் என் முந்தானைக்கு வந்தன. "இன்னும் ஏதாவது?" என்று நர்ஸ் மறுபடி கேட்டபோது, புடவை மடிப்பிலிருந்து நாலாவது ஊக்கு வந்தது!

முக்கால் மணி நேரம் கழித்து அத்தை வெளியே வந்தார். எலும்புகளுக்கு நடுவிலுள்ள வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். மாத்திரையும் பயிற்சியும் போதும் என்றார் டாக்டர்.

அந்த அம்மாளிடம் கயிற்றைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். "வச்சுக்கோம்மா, யாருக்காவது உதவும்" என்றார்.

இப்போது அது என் கைப்பையில் இருக்கிறது.