ஒரு 1,300 டாலர் கதை

சிட்னியில நமக்கு நிதி ஆலோசனைத் தொழில். சேமிப்பு, இன்சூரன்ஸ், ஓய்வுக்காலப் பணம்னு எல்லாத்துக்கும் நம்மகிட்ட வர்றவங்க, வீட்டுக் கடனுக்கு மட்டும் வேற புரோக்கர்கிட்ட போவாங்க. பார்த்துப் பார்த்து வயிறு எரிஞ்சு, கடைசியில அதுக்கும் படிச்சு போர்டு மாட்டியாச்சு.

முதல் போணி, பத்து வருஷமா நம்மகிட்ட வர்ற அண்ணன் ஒருத்தர். 9 லட்சம் டாலர் கடன் வேணும்னார். அவருக்கு நான் போட்டுக் குடுத்த திட்டப்படி 7 லட்சத்துக்கு மேல தாங்காது.

இங்கதான் சிக்கல். முதலீட்டு ஆலோசனைக்கு ஃபண்ட் கம்பெனிகிட்ட கமிஷன் வாங்கறது 2013 ஜூலையிலேயே தடை ஆயிடுச்சு. வாடிக்கையாளர் குடுக்கற ஃபீஸ்தான். வீட்டுக் கடன்ல அப்படியில்ல, வங்கியே கமிஷன் குடுக்கும். எனக்கு 0.65 சதவீதம். கடன் 2 லட்சம் குறைஞ்சா 1,300 டாலர் போச்சு! வாடிக்கையாளர் நலன்தான் முதல்னு புரோக்கருக்கும் 2021லேர்ந்து சட்டம் இருக்கு. இருந்தாலும் ஆசை யாரை விட்டது?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல. காலையில அந்த 1,300 கணக்கையும் சேர்த்தே தாள்ல எழுதி அவர்கிட்ட நீட்டினேன். படிச்சுட்டுச் சிரிச்சார். 7 லட்சத்துக்கே கையெழுத்துப் போட்டார்.

சின்ன வீடுதான். அண்ணிதான் இன்னும் என்கிட்ட சரியாப் பேசறதில்ல :)