சிவப்பா இருந்தா போதுமா?

விஸ்காசிட்டிக்கு டெஃபினிஷன் எழுதாம எந்த மெக் மாணவரும் மூணாவது செமஸ்டரைத் தாண்டியிருக்க முடியாது. ஆனா பவர் ஸ்டியரிங்குக்கு என்ன ஆயில் ஊத்தணும்னு கேட்டுப் பாருங்க. பாதிப் பேர் "சிவப்பு ஆயில்" என்பார்கள், மீதிப் பேர் போனை எடுப்பார்கள். இத்தனைக்கும் பக்கத்துல விராலிமலையில பவர் ஸ்டியரிங்கே தயாராகுது!

எனக்கு இது பாடமா இல்லாம பிரச்சினையா வந்தது மாமாவால்தான். அரியலூரில் ஒரு பழைய பொலேரோ வைத்து வாடகைக்கு ஓட்டுகிறார். பெரம்பலூர், திருச்சி ஆஸ்பத்திரி சவாரிதான் அதிகம். சில மாசமாகவே ஸ்டியரிங் இறுக ஆரம்பிச்சு, காலையில் திருப்பினால் பம்ப் ஊய்னு கத்தும். ராத்திரி தோள்ல தைலம் தேய்க்காம அவர் தூங்குறதில்லைன்னு அத்தை சொன்னாங்க. பம்ப், கியர்பாக்ஸ் ரெண்டையும் மாத்தணும்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். "வித்துட்டு சிமென்ட் ஃபேக்டரில கான்ட்ராக்ட் டிரைவராப் போயிடலாம்னு இருக்கேன் மாப்ள" என்றார் மாமா.

டேங்கில் அளவு சரியா இருந்தது. என்ன ஊத்துனீங்க மாமான்னு கேட்டேன். குறையும்போதெல்லாம் ஒரு கடையில் டிப்பர் ஜாக்கிக்கு ஊத்துற ஹைட்ராலிக் ஆயிலையே ஊத்தியிருக்காங்க. சுண்ணாம்புக்கல் டிப்பர் ஓடாத ரோடு அரியலூரில் ஏது? 68 கிரேடு ஆயில் லூஸிலேயே கிடைக்கும். அதுவும் ஹைட்ராலிக், இதுவும் ஹைட்ராலிக். கேட்க நியாயமாத்தான் இருக்கு.

ஆனா அந்த 68 சும்மா போட்ட நம்பர் இல்லை. 40 டிகிரி செல்சியஸில் அந்த ஆயிலின் விஸ்காசிட்டி 68 சென்டிஸ்டோக் என்று அர்த்தம். பொலேரோ டேங்க் மூடியில் கேட்டிருப்பது டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப். அதே சூட்டில் அது சுமார் 35தான். கிட்டத்தட்ட பாதி. விடியற்காலைக் குளிரில் 68 இன்னும் கெட்டியாகும். பம்ப் இழுக்கிற வேகத்துக்கு ஆயில் வந்து சேராது, குமிழி உண்டாகும், அதுதான் அந்த ஊய். ஸ்கூல் தமிழ்ப் புத்தகத்தில் இதற்குப் பாகுநிலை என்று பெயராம். மாமா "கெட்டி"ன்னு சொன்னார். எனக்கு அதுவே போதும்.

அப்போ சிவப்பு? ஏடிஎஃப் ஆட்டோமேட்டிக் கியருக்காக வந்த ஆயில். டெக்ஸ்ரான் என்பது ஜெனரல் மோட்டார்ஸ் வைத்த பெயர். இன்ஜின் ஆயிலோடு குழம்பக்கூடாதுன்னு அதில் சிவப்புச் சாயம் போடுறாங்க, அவ்வளவுதான். கூலன்ட்டிலும் சிவப்பு உண்டு. சில ஜெர்மன் கார்களுக்குப் பச்சை நிற சிந்தடிக் ஆயில், ஹோண்டாவுக்கு அவங்களோட தனி ஆயில். நிறத்தைப் பார்த்து வாங்காதீங்க, மூடியிலோ மேனுவலிலோ இருக்கிற பெயரைப் படிங்க. அவசரத்துக்குன்னு பிரேக் ஆயிலை மட்டும் ஊத்திடவே கூடாது. அது கிளைக்கால், ஸ்டியரிங்கில் இருக்கிற நைட்ரைல் ரப்பர் சீலை ஊதவைத்துக் கெடுத்துவிடும். வீட்ல ஸ்விஃப்ட் வச்சிருக்கிறவங்க டேங்கைத் தேட வேண்டாம், அதில் மோட்டார்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் மாமாவும் உட்கார்ந்தோம். முதல் வேலை மூடியைச் சுற்றித் துடைப்பது. எங்க ஊர்ல எதைத் திறந்தாலும் சிமென்ட் தூசி உள்ளே போக ரெடியா இருக்கும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு கேனுக்குள் விட்டோம். இன்ஜினை ஆஃப் பண்ணிவிட்டு மாமா ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு மெதுவாகத் திருப்ப, டேங்க் வறண்டுடாம நான் புது ஆயில் ஊற்றிக்கொண்டே இருந்தேன். வெளியே வந்தது டீ டிகாஷன் நிறம். சுத்தமான சிவப்பு வர ரெண்டு லிட்டருக்கு மேல் ஆச்சு. பிறகு ஹோஸை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, காற்று போகும்வரை மறுபடி திருப்பல். கோடியில் பிடித்து வைத்துக்கொண்டே இருக்கக்கூடாது, பிரஷர் ஏறி ஆயில் கொதிக்கும்.

பெரம்பலூர் வரை ஓட்டிட்டு வந்து, "ஒரு கைல திருப்புறேன்டா" என்றார். விக்கிற பேச்சை அதுக்கப்புறம் எடுக்கலை.

சத்தம் முழுசா போகலை. மூணு வாரத்தில் ஆயிலும் விரற்கடை இறங்கியிருக்கு. ஸ்டியரிங் ஆயில் டீசல் மாதிரி எரிந்து தீராது. குறைந்தால் எங்கேயோ ஒழுகுது என்று அர்த்தம். பம்ப் ஷாஃப்ட் சீல் ஓரத்தில் ஈரம் தெரிகிறது. சீல் கிட் வாங்கியாச்சு. கல்யாண சவாரியெல்லாம் முடியட்டும், அப்புறம் பிரிக்கலாம்னு மாமா சொல்லியிருக்கார்.