ஓங்கும் மலை

மலையைக் குறிக்கும் சொற்கள் நம் நூல்களில் பல உள. அவற்றுள் ‘அசலம்’ என்பது ஒன்று. ‘ஓங்கல்’ என்பது மற்றொன்று. அசலம், அசைவற்றது எனப் பொருள்படும் வடசொல். ஓங்கல், ஓங்குதல் என்னும் வினையினின்று பிறந்த தமிழ்ச்சொல். இவற்றுள் மலைக்குப் பொருந்திய பெயர் எது? இமயத்தைக் கொண்டு ஆராய்வோம்.

எங்கள் இல்லத்துப் பூசைப் பேழையில், என் பாட்டனார் காலந்தொட்டு ஒரு சாளக்கிராமம் இருந்து வருகின்றது. கரிய உருண்டைக் கல்; அதனுள்ளே சக்கரம் போன்றதொரு சுருள். நேபாள நாட்டில் இமயத்தினிடையே பாயும் கண்டகி ஆற்றில் இத்தகைய கற்கள் கிடைக்கின்றன. அச்சுருள், அம்மோனைட்டு என்னும் கடல்வாழ் உயிரின் ஓடு பதிந்த வடிவம் என்பர் நிலநூலார். எவரெஸ்ட் சிகரத்தின் உச்சியிலும் கடலடியில் படிந்த சுண்ணாம்புப் பாறையே உள்ளது. கடலில் கிடந்தவை மலைமேல் ஏறியது எங்ஙனம்?

பூமியின் மேற்பாறை ஒரே பாளமன்று. பல தட்டுகளாகப் பிளவுண்டது. அத்தட்டுகள் கீழேயுள்ள வெப்பம் மிக்க, இளகிய பாறையின்மீது மெல்ல நகர்கின்றன. இந்திய நிலம் முன்னொரு காலத்தில் ஆப்பிரிக்கா, அண்டார்க்டிகா, ஆஸ்திரேலியா ஆகியவற்றோடு இணைந்து தென்கோளத்தில் இருந்தது. பின்னர்ப் பிரிந்து வடக்கு நோக்கி நகர்ந்தது. அதற்கும் ஆசியாவிற்கும் இடையே டெத்திஸ் என்னும் கடல் கிடந்தது. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுகளுக்குமுன் இரு நிலங்களும் மோதின. விரித்த சமுக்காளத்தை ஒருபுறமிருந்து தள்ளினால் மடிப்பு மடிப்பாக எழும் அன்றோ? அவ்வாறே நிலமும் மடிந்து, தடித்து, மேலெழுந்தது. கடலடிப் படிவுகளும் உடன் உயர்ந்தன. அதுவே இமயம்.

இதனை அறிந்தபின்னும் அச்சாளக்கிராமத்தின்பால் யான் கொண்ட மதிப்புக் குறையவில்லை. மறைந்துபோன ஒரு கடலின் அடையாளம் எம் வீட்டுப் பேழையில் இருக்கின்றது என்று எண்ணி வியக்கின்றேன்.

அம்மோதல் இன்றும் ஓயவில்லை. இந்தியத் தட்டு ஆண்டுதோறும் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடக்கே நகர்கின்றது. பாறைகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நிற்குமிடங்களில் அழுத்தம் சேர்கின்றது. தாங்கும் எல்லை கடந்ததும் அவை சடுதியில் வழுக்குகின்றன, நிலம் நடுங்குகின்றது. 2015 ஏப்ரல் 25 அன்று நேபாளத்தில் நேர்ந்த நிலநடுக்கம் இத்தகையதே. அதில் ஏறத்தாழ 9,000 மக்கள் மாண்டனர். இலட்சக்கணக்கான வீடுகள் இடிந்தன. கல்லும் மண்சாந்தும் கொண்டு எழுப்பிய வீடுகளே மிகுதியாக வீழ்ந்தன.

ஆதலின், இமயத்திற்கு ஓங்கல் என்னும் பெயரே பொருந்துவதாம். மலையை ஓங்கச் செய்யும் ஆற்றலே வீட்டை வீழ்த்தவும் செய்கின்றது. அவ்வாற்றலைத் தடுத்து நிறுத்த மக்களால் இயலாது. அதனைத் தாங்கி நிற்கும் வீடுகளை அமைக்க இயலும். நிலம் அசையும் என்னும் அறிவு அதற்கு முதற்படியாகும்.