செங்கல்லின் மேல் ஒரு முற்றுகை



எசேக்கியேல் தீர்க்கதரிசன நூலின் 4ஆம் அதிகாரத்தை நாம் அடிக்கடி வாசிப்பதில்லை. பாபிலோனில் சிறைப்பட்டிருந்த தீர்க்கதரிசி, கர்த்தருடைய கட்டளையின்படி ஒரு செங்கல்லின் மேல் எருசலேமை வரைகிறார். அதைச் சுற்றிக் கொத்தளங்கள், மண்மேடு, பாளயங்கள், மதிலை இடிக்கும் யந்திரங்கள் ஆகியவற்றைச் சிறு அளவில் அமைக்கிறார். ஓர் இருப்புச் சட்டி மதிலாகிறது. இன்றைய உலகில் மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் செய்வதும் ஏறக்குறைய இதுவே.

ஆயர் இல்லத்துக்கு வந்தவர்கள் என் புத்தக அலமாரியின் இரண்டாம் தட்டைக் கவனித்திருப்பீர்கள். விளக்கவுரை நூல்களுக்கு முன்பாக விரலளவு டாங்கிகளும் ஜீப்புகளும் அணிவகுத்து நிற்கின்றன. இருபது ஆண்டுகளாகச் சேர்த்தவை. என் மனைவிக்கு அவை தூசி தட்டவேண்டிய நாற்பது பொருள்கள் மாத்திரமே. பெரியவை உண்மையான வண்டியில் 72இல் ஒரு பங்கு. சிறியவை 285இல் ஒரு பங்கு. இந்தச் சிறிய அளவில் ஒரு போர்வீரனின் உயரம் 6 மில்லிமீட்டர். நெல்மணியளவுதான். அவனுக்கு முகம் வரைய இடமில்லை.

சிற்றுருவம் வார்ப்பது சுவாமிமலைக்குப் புதிதல்ல. நம் தெருவிலேயே ஸ்தபதிகள் மெழுகில் உருவம் பிடித்து, காவிரியின் வண்டல்மண்ணைப் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுகிறார்கள். பிறகு அச்சை உடைத்தால்தான் உருவம் வெளிவரும். ஆகையால் ஒவ்வொன்றும் ஒரே ஒன்று. என் அலமாரியிலுள்ள உலோக வண்டிகளோ ரப்பர் அச்சில் வார்க்கப்பட்டவை. ஓர் அச்சு பலமுறை உதவும். ஒன்று தொலைந்தால் அதேபோல் மற்றொன்று வாங்கலாம். விளையாட்டிலும் பகடை விழுந்ததும் "அழிந்த" டாங்கியை எடுத்துப் பெட்டியில் வைப்போம். அடுத்த ஆட்டத்தில் அது மறுபடியும் களத்தில் நிற்கும். இந்த ஆட்டத்துக்கு 1913ஆம் ஆண்டிலேயே விதிநூல் எழுதிய ஆங்கில எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ், அந்நூலின் முடிவில் உண்மையான போரின் மூடத்தனத்தைக் கடிந்துகொண்டார். மறு ஆண்டே உலகப்போர் மூண்டது.

என் சேகரிப்பில் விலை குறைந்தது ஒரு ஜீப்பு. அதன்மேல் 106 மில்லிமீட்டர் பீரங்கி பொருத்தப்பட்டிருக்கும், கவசம் கிடையாது. 1965 செப்டம்பரில், பஞ்சாபின் கேம்கரண் அருகே அசல் உத்தர் என்னுமிடத்தில் பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் முன்னேறி வந்தன. நம் படையினர் கரும்புக் கொல்லைகளில் நீரைத் திறந்துவிட்டார்கள். நாற்பது டன்னுக்கு மேற்பட்ட வண்டி நனைந்த வயலில் இறங்கினால் என்ன ஆகும் என்று டெல்டாக்காரர்களாகிய உங்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. அங்கே அப்துல் ஹமீது என்ற ஹவில்தார், தையல் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர், அப்படிப்பட்ட ஜீப்பிலிருந்து பல பேட்டன்களைச் சுட்டு வீழ்த்தி, செப்டம்பர் 10 அன்று தாமும் மாண்டார். பரம் வீர் சக்ரா அவருக்குப்பின் அளிக்கப்பட்டது. கைப்பற்றிய டாங்கிகளை ஒரே இடத்தில் நிறுத்தி அதற்குப் "பேட்டன் நகர்" என்று பெயரிட்டார்கள். அவற்றுக்குள் இருந்தவர்களுக்கும் தாய்மார் இருந்தார்கள். இதைச் சொல்வதால் ஹமீதின் வீரம் குறைந்துபோவதில்லை.

நம் சபையின் மூப்பர் ஒருவர் இராணுவத்தில் விஜயந்தா டாங்கி ஓட்டியவர். நம் ஆவடியில் செய்யப்பட்ட வண்டி அது. ஒருநாள் என் விஜயந்தாவைக் கையிலெடுத்து வெகுநேரம் பார்த்தார். "ஐயா, உள்ளே நாலு பேர். மூடியைச் சாத்திவிட்டால் ஓட்டுகிறவனுக்கு ஒரு கீற்றுதான் தெரியும். மேலே இருப்பவர் சொல்வதுதான் கண். கோடையில் இரும்பைத் தொட முடியாது" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டு ஜெபத்துக்கு வந்தார். மேசைக்கு மேல் நின்று குனிந்து பார்க்கிற எனக்குக் களம் முழுவதும் தெரிகிறது. உள்ளே இருப்பவனுக்கு அது கிடைப்பதில்லை.

எசேக்கியேலிடம் திரும்புகிறேன். செங்கல்லை முற்றுகையிட்டபின் எழுந்துபோக அவருக்கு அனுமதியில்லை. இடதுபக்கமாக 390 நாள், வலதுபக்கமாக 40 நாள் படுத்திருக்க வேண்டும். நாளொன்றுக்கு ஏறக்குறைய கால் கிலோ அப்பம், தண்ணீரும் அளந்துதான். தாம் அமைத்த சிறு நகரத்தின் பசியை அவர் தம் சரீரத்தில் தாங்கினார். வேதம் மாதிரி உருவத்தைத் தடைசெய்யவில்லை. அதன் பாரத்தைச் சுமக்காமல் விலகிச்செல்ல விடவுமில்லை.

ஆகவே ஞாயிறு மாலையில் விளையாட வரும் பிள்ளைகளுக்கு ஒரு விதி வைத்திருக்கிறேன். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொரு டாங்கியிலும் இருக்கும் நால்வருக்கும் பெயர் எழுதவேண்டும். எதிரியின் டாங்கிக்கும் அப்படியே. சென்ற மாதம் ஒரு சிறுவன், இராணுவத்தில் சேர மனுச்செய்திருக்கும் தன் அண்ணனின் பெயரை ஓட்டுநருக்கு எழுதினான். அவனுடைய முறை வந்தபோது டாங்கியை நகர்த்தமாட்டேன் என்று அழுதான். மறுநாள் அவன் தாயார் வந்து, "ஐயா, இது பிள்ளைகளுக்குத் தேவையா?" என்று கேட்டார்கள். அவர்களுடைய சம்மதத்தோடு இதை எழுதுகிறேன். தேவை என்றே சொன்னேன். அவர்கள் இன்னும் சம்மதிக்கவில்லை. மூத்த மகனுக்கு உடற்தகுதித் தேர்வு அடுத்த வாரம் திருச்சியில் நடக்கிறது. அவனையும் அந்தத் தாயாரையும் உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.