முனைவர் பட்டத்துக்குப் பின் ஒரு பட்டயம்

ஆய்வேட்டை ஒப்படைத்தபின் என்ன செய்யப்போகிறாய் என்று கேட்பவர்களிடம், தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் சேரப்போகிறேன் என்று சொல்லத் தொடங்கியிருக்கிறேன். டி.எல்.எட். என்றால் பலருக்கும் புரியும். பன்னிரண்டாம் வகுப்புத் தேறியவர்கள் சேரும் ஈராண்டுப் படிப்பு. ஆய்வு நண்பர்கள் இதை முதலில் நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பிறகு, உதவித்தொகை நின்றுவிட்டதா என்று அக்கறையோடு விசாரிக்கிறார்கள். "இத்தனை வருஷம் படிச்சது ஒண்ணாங்கிளாஸ் வாத்தியார் ஆகவா?" என்பது அம்மாவின் கேள்வி. இது தட்டிக்கழிக்கத்தக்க கேள்வி அன்று. எனவே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

நம் நாட்டில் ஒரு விந்தை உண்டு. முதுகலைப் பட்டம் பெற்று நெட் தேர்வில் தேறிய ஒருவர் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். அத்தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் குறித்துச் சில வினாக்கள் வரும், அவ்வளவே. ஒரு நாள்கூட வகுப்பறையில் நின்று பழகியிருக்க வேண்டியதில்லை. பள்ளியின் நிலை வேறு. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி ஆசிரியருக்கான குறைந்தபட்சத் தகுதி வரையறுக்கப்பட்டது. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2010ஆம் ஆண்டு அறிவிக்கையால் பயிற்சியோடு தகுதித் தேர்வும் கட்டாயமாயிற்று. 150 வினாக்கள், தேறுவதற்கு 60 விழுக்காடு, அதாவது 90 மதிப்பெண். ஆறு வயதுக் குழந்தைக்குக் கற்பிக்கப் பயிற்சி வேண்டும், இருபது வயது இளைஞருக்குக் கற்பிக்க வேண்டாம் என்பது ஏற்பாடு. சமூக மதிப்போ இதற்கு நேர் தலைகீழாக நிற்கிறது.

"பள்ளிதான் வேண்டுமென்றால் பி.எட். படிக்கலாமே?" என்பது அடுத்த கேள்வி. பி.எட். முடித்தவர்களும் ஒன்று முதல் ஐந்து வகுப்புகளுக்குத் தகுதியானவர்களே என்று 2018இல் ஓர் அறிவிக்கை வந்தது. அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று தீர்ப்பளித்தது. தொடக்கநிலைக் குழந்தைக்குக் கற்பிப்பது தனித் திறன், அதற்கென வகுத்த பட்டயப் படிப்பே அதற்குரிய வழி என்பது தீர்ப்பின் சாரம். இத்தீர்ப்பால் வாய்ப்பிழந்த பி.எட். பட்டதாரிகளின் வருத்தம் எனக்குப் புரிகிறது. எனினும் ஒரு மொழியியல் மாணவனாக, தீர்ப்பின் அடிப்படையோடு உடன்படுகிறேன். அதற்கான காரணம் நான் வாழும் தெருவிலேயே இருக்கிறது.

கம்மனஹள்ளிக்கும் காக்ஸ் டவுனுக்கும் நடுவே இருப்பது லிங்கராஜபுரம். 1809இல் ஆங்கிலேயர் இங்கே தண்டு அமைத்த காலந்தொட்டுத் தமிழர் பெருகிய கிழக்குப் பெங்களூரின் பகுதி. வீட்டில் தமிழ், கடையில் கன்னடம், கனவில் ஆங்கிலம் என்று வாழும் குடும்பங்கள் இங்கே ஏராளம். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 350அ உறுப்பு. நடைமுறையில் எங்கள் தெருவின் ஏழைக் குழந்தைகள் பெரும்பாலும் கன்னடவழி அரசுப் பள்ளிக்குப் போகிறார்கள். தமிழில் எண்ணிக் கன்னடத்தில் எழுதக் கற்கிறார்கள்.

பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் தம் மகனின் நோட்டைக் கொண்டுவந்தார். இரண்டாம் வகுப்பு. "தம்பி, இவன் எல்லாத்தையும் தப்பாவே எழுதுறான், கொஞ்சம் பாருங்க" என்றார். 'ஹாலு' என்று எழுத வேண்டிய இடத்தில் 'பாலு', 'ஹத்து' இருக்க வேண்டிய இடத்தில் 'பத்து', 'ஹுலி'க்குப் 'புலி'. மூன்றின் மீதும் சிவப்பு மை. எனக்கோ அது திராவிட மொழியியலின் முதல் பாடமாகத் தெரிந்தது. சொல்லின் முதலில் வந்த பகரம் கன்னடத்தில் ஏறத்தாழப் பத்தாம் நூற்றாண்டுக்குப்பின் படிப்படியாக ஹகரம் ஆயிற்று. பல் ஹல்லு ஆயிற்று. பன்றி ஹந்தி ஆயிற்று. ஊரைக் குறிக்கும் பள்ளி, கம்மனஹள்ளியில் உள்ள ஹள்ளி ஆயிற்று. பழங்கன்னடத்திலும் பால் 'பால்'தான். ஒரே ஒரு விதியைக் கண்டுகொண்டால் அச்சிறுவன் அறிந்த தமிழ்ச் சொற்கள் பலவும் கன்னடத்துக்கு வாசலாகிவிடும்.

அவனிடம் சொற்களை இணை இணையாக எழுதிக் காட்டினேன். நான்காவது இணையிலேயே விதியைப் பிடித்துவிட்டான். அடுத்து, "அப்போ பாடம் ஏன் ஹாட இல்ல?" என்று கேட்டான். கன்னடத்திலும் அது 'பாட'தான். வடமொழியிலிருந்து வந்த கடன்சொல் என்பதால் இம்மாற்றம் அதைத் தொடவில்லை. கருத்தரங்கில் இதை விளக்க இரண்டு நிமிடம் போதும். கடன்சொல் என்ற கருத்தை ஏழு வயதுக் குழந்தையிடம் எங்கிருந்து தொடங்குவது? எந்த விளையாட்டைக் கொண்டு? எத்தனை நாளில்? அந்த அறிவு என் துறையில் இல்லை. அது தொடக்கப்பள்ளி ஆசிரியரின் துறை. பட்டயப் படிப்பில் 20 வாரங்கள் பள்ளியில் இருந்து பழக வேண்டும் என்ற விதிக்கு அப்போதுதான் எனக்குப் பொருள் விளங்கியது. நோட்டைத் திருத்திய ஆசிரியருக்கு ஒலிமாற்றம் கற்பிக்கப்படவில்லை. எனக்குக் குழந்தை கற்பிக்கப்படவில்லை. இரண்டும் ஒருவரிடம் சேர வேண்டும்.

இதற்குக் கொடுக்க வேண்டிய விலையையும் மறைக்க விரும்பவில்லை. ஈராண்டுகளுக்கு உதவித்தொகை கிடையாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் ஒரே நேரத்தில் இரு படிப்புகள் படிக்க அனுமதித்தபோதும் முனைவர் பட்டத்துக்கு அது பொருந்தாது என்றே வரையறுத்தது. ஆகவே ஆய்வேடு முடிந்தபிறகே சேர முடியும். தகுதித் தேர்வில் முதல் மொழித்தாள், பயிற்றுமொழியில் உள்ள திறனைச் சோதிப்பது. கன்னடவழிப் பள்ளிக்குப் போக விரும்பும் நான், தெருவில் கற்ற கன்னடத்தைத் தேர்வுக் கன்னடமாக்கிக்கொள்ள வேண்டும். இத்தனையும் கடந்து தேறினாலும் அது தகுதிதானே தவிர, பணி ஆணை அன்று. அரசு எப்போது ஆள் எடுக்கும் என்பதைப் பொறுத்தே மற்றவை அமையும்.

மொழியியல் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. நெட், பல்கலைக்கழகம், வெளிநாடு என்ற மூன்று வழிகளையே நம் துறைகள் காட்டுகின்றன. அவை நல்ல வழிகள்தாம். ஆனால் மொழி ஒரு குழந்தைக்குள் எழுத்தாக மாறும் இடம் ஒன்றாம் வகுப்பு. அங்கே நம்மவர்கள் அநேகமாக இல்லை. அங்கே செல்வதைக் கீழிறங்குவதாக நான் கருதவில்லை. அதற்கு இன்னும் ஈராண்டு படிக்க வேண்டியிருக்கிறது என்பதே, அந்த வேலை எவ்வளவு கடினமானது என்பதற்குப் போதிய சான்று.