புகையாத நெருப்பு

வயிறு உப்பிய குழந்தை ஒன்றின் ரத்தம் எங்கள் ஆய்வகத்துக்கு வந்தது. மண்ணீரல் வீக்கம், தட்டணு குறைவு, பெற்றோர் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள் என்று படிவம் சொன்னது. மருத்துவரின் சந்தேகம், கோஷே நோய்.

இந்த நோயில் குளுக்கோசெரிப்ரோசைடு என்ற கொழுப்பை உடைக்கும் நொதி குறைந்திருக்கும். அந்தக் கொழுப்பைச் சுமந்து பெருத்த மேக்ரோஃபேஜ் செல்கள், கைட்டோட்ரையோசிடேஸ் என்ற வேறொரு நொதியை ரத்தத்தில் கொட்டும். இயல்பைவிடப் பல நூறு மடங்கு. 1994இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டிய அடையாளம் இது. சார்காய்டோசிஸ், நீமன்-பிக் போன்ற வேறு நோய்களிலும்கூட ஏறும். ஆனால் கோஷேயில் ஏறுகிற அளவே தனி. பிளாஸ்மாவை நன்றாக நீர்க்காவிட்டால் கருவியின் எல்லையைத் தாண்டிவிடும்.

சோதனைத் தட்டின் குழியில் பிளாஸ்மாவோடு வினைப்பொருளைச் சேர்த்து 37 டிகிரியில் வைப்போம். பிறகு காரக் கரைசல் விட்டு வினையை நிறுத்தினால், நொதி இருக்கும் குழி புற ஊதா ஒளியில் நீலமாக ஒளிரும். அன்று அந்தக் குழி இருண்டே கிடந்தது.

"மேடம், பிளாஸ்மா விட மறந்துட்டேனோ?" என்றாள் உடன் வேலை செய்யும் பெண். திரும்பச் செய்தோம். பக்கத்துக் குழிகள் ஒளிர்ந்தன. இது மட்டும் பூஜ்யம்.

நலமாக இருப்பவருக்கும் கொஞ்சமாவது ஒளிரும். முழுப் பூஜ்யம் என்றால் கதை வேறு. கைட்டோட்ரையோசிடேஸ் மரபணுவில் 24 எழுத்துகள் இரட்டித்த பிரதி, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் இந்த நொதியே உருவாகாது. ஐரோப்பியரில் 100 பேருக்குச் சுமார் 6 பேர் இப்படி. அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆவதில்லை. சாட்சி ஊமை, அவ்வளவுதான்.

புது ரத்தம் கேட்டோம். உறையவிடாமல், ஐஸ் கட்டி குழாயில் படாமல். வெள்ளணுக்களைப் பிரித்து, அந்தக் கொழுப்பை உடைக்கும் பீட்டா குளுக்கோசிடேஸையே நேராக அளந்தோம். மிகக் குறைவு. அதே மாதிரியில் இன்னொரு லைசோசோம் நொதி சரியாக இருந்தது. ஆகவே ரத்தம் வழியில் கெடவில்லை. பிறகு மரபணுச் சோதனையும் கோஷே என்றே சொன்னது.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். புகையாமலே எரியும் நெருப்பும் உண்டு. இப்போதெல்லாம் பூஜ்யம் வந்தால் அறிக்கையின் கீழே ஒரு வரி சேர்க்கிறேன்: 'இவருக்கு இந்தச் சோதனை உதவாது, நோயைக் கண்டுபிடிக்கவும், சிகிச்சையின் பலனைப் பார்க்கவும்.'