கம்பு எங்கே நிற்கிறது?

செம்பாக்கம், நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் என்று தாம்பரத்துக்குக் கிழக்கே ஏரிக்கு ஏரி வழிந்து பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும் வரிசை ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து ஏரி ஒன்றில் வண்டல் அளக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு ஓர் ஆவணிக் காலையில் போனேன். மூன்று புறமும் அடுக்குமாடிகள்; நான்காவது புறம் கல் பதித்த நடைபாதையோடு கரை. நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள், “தண்ணி நெறையத்தானே இருக்கு, இதுல என்ன அளக்கிறீங்க?” என்று நின்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

படகில் இரண்டு பேர். குறிப்பு எழுதும் இளம் பொறியாளர். கம்பு பிடிக்கும் மீனவப் பெரியவர். மற்ற நாட்களில் அவர் தெர்மாகோல் தெப்பத்தில் இதே ஏரியில் ஜிலேபி மீனுக்கு வலை போடுகிறவர். கரையில் ஒரு பையன் கருவியோடு நின்று, படகு நிற்கும் இடத்தைக் குறித்துக்கொண்டிருந்தான். நான் படகின் நடுவில் அசையாமல் உட்கார வேண்டும் என்பது பெரியவரின் உத்தரவு.

எக்கோ சவுண்டரும் இருந்தது. ஒலியைக் கீழே அனுப்பி, அது திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி; தண்ணீரில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். பெரிய அணைகளில் நன்றாக உழைக்கும். இங்கே முழங்கால் ஆழத்திலும் ஆகாயத்தாமரை ஓரத்திலும் திணறியது. சேற்றுக்குள் அடைபட்ட வாயுக் குமிழிகளும் அதை ஏமாற்றிவிடும். அதனால் பாதி வேலை கம்பை நம்பித்தான்.

அந்தக் கம்பைப் பார்க்க வேண்டும். சென்டிமீட்டர் கோடு போட்ட அலுமினியக் குழாய். அடியில் சாப்பாட்டுத் தட்டளவு வட்டத்தகடு. தகடு சேற்றின் மேல் அமர்ந்துவிடும், உள்ளே இறங்காது. “அண்ணே, மெதுவா வைங்க, அழுத்தாதீங்க” என்றார் பொறியாளர். 1.10 மீட்டர். அடுத்து தகடில்லாத மெல்லிய கம்பி. அதைப் பெரியவர் இரு கையாலும் அழுத்த, வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிக்கொண்டே போய், சட்டென்று நின்றது. 1.75. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 65 சென்டிமீட்டர், அவ்வளவும் வண்டல். “கழிவுநீர் வாய்க்கால் வாய்க்குப் போனா கம்பி நிக்கவே நிக்காது மேடம், போய்ட்டே இருக்கும்” என்றார் பெரியவர். அங்கே போனபோது அப்படித்தான் ஆனது.

ஓரிடத்தில் பிவிசி குழாயைச் செருகி, மேல்வாயை உள்ளங்கையால் அடைத்து மண்ணோடு தூக்கினார்கள். தட்டில் சரித்தபோது மேலே கறுப்புக் கூழ், அழுகிய முட்டை வாடை, நடுவில் ஒரு பால் கவரின் மூலை. அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. அடியில் கெட்டியான பழுப்பு மண். அதுதான் ஏரியின் பழைய தரை.

வண்டல் எல்லா ஏரியிலும்தான் சேரும். முன்பு அது வெளியேற வழி இருந்தது. சோழர் காலத்தில், ஏரிநீரைத் திறந்துவிடும் குமிழித் தூம்பில் தரையை ஒட்டிச் சேறோடித் துளை வைத்தார்கள். பாசன நீரோடு கொஞ்சம் சேறும் வயலுக்குப் போகும். கோடையில் ஏரி வற்றினால் மிச்ச வண்டலை வண்டி கட்டி அள்ளிக்கொண்டு போவார்கள், எருவாக. இந்த ஏரிக்கு இன்று பாசனம் பெறும் ஆயக்கட்டே இல்லை. மதகு அடைத்தே கிடக்கிறது. கலங்கல் வழியாக வழிவது மேல்மட்டத்துத் தண்ணீர் மட்டுமே. கழிவுநீர் ஆண்டு முழுதும் வருவதால் ஏரி காய்வதும் இல்லை. உள்ளே வந்த சேறு உள்ளேயே தங்குகிறது. கழிவு கலந்த அதை வயலில் கொட்டவும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு ஹெக்டேரில் ஒரே ஒரு சென்டிமீட்டர் வண்டல் என்றால் 100 கன மீட்டர். மூன்று யூனிட் டிப்பரில் பன்னிரண்டு நடை. அவ்வளவு மழைநீருக்கு இருந்த இடம் போய்விட்டது என்று பொருள். வாய்க்கால் வாயில் மணலும் கட்டட இடிபாடும் முதலில் தங்கிவிடும். மென்களி மிதந்து நடு ஏரி வரை போகும். ஆகவே ஓரிடத்தில் அளந்துவிட்டு ஏரி முழுவதற்கும் கணக்குச் சொல்ல முடியாது.

கம்பு காட்டும் ஆழத்தை மட்டும் எழுதி வைத்தாலும் பயனில்லை. இன்று 1.10 என்பது அடுத்த மாதம் தண்ணீர் வற்றினால் 0.90 ஆகும்; தரை உயர்ந்திருக்காது. மதகருகே உள்ள அளவுகோலில் அன்றைய நீர்மட்டத்தைப் படித்து, உயரம் குறித்துக் கரையில் நட்ட மட்டக்கல்லோடு இணைத்தால்தான் தரைமட்டம் கிடைக்கும். அதே இடங்களில், அதே கல்லிலிருந்து, ஆண்டுதோறும் எடுத்தால்தான் அது கண்காணிப்பு. இங்கே பழைய கல் நடைபாதை வேலையில் பெயர்ந்து எங்கோ போய்விட்டதாம். புதுக் கல் நட்டு முதலிலிருந்து தொடங்குகிறார்கள். கரையை அழகுபடுத்தக் காசு இருக்கிறது. ஒரு கல்லைக் காப்பாற்ற ஆளில்லை. தூர்வாரும் ஒப்பந்தத்திலும் வேலைக்கு முன், வேலைக்குப் பின் என்ற இரண்டு மட்டங்களின் வித்தியாசத்துக்குத்தான் பணம். அந்த மட்டத்தை ஒப்பந்தக்காரரே எடுத்தால் கணக்கு எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஏரிக்கரையில் குடியிருக்கும் நலச்சங்கத்தார் இந்த ஐப்பசிக்கு முன் மூன்று காரியம் செய்யலாம்: மட்டக்கல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் யாரும் பெயர்க்க முடியாத இடத்தில் ஒன்று நடச் செய்யுங்கள், தூர்வார ஆள் வந்தால், வேலை தொடங்குமுன் நீங்களும் கூட நின்று தரைமட்டத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.